செவ்வாய்க்கிழமைக்குச் சாட்சி யார்?

“கல்யாண ஃபோட்டோ எதுக்கும் உதவாது” என்றாள் ரெமி பங்கிலினன்.

மேஜைமேல் பரப்பியிருந்த பன்னிரண்டு படங்களையும் சீட்டுக்கட்டைப் போலத் திரட்டி, எதிரே உட்கார்ந்திருந்தவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு யார் வேணா சிரிப்பாங்க லிகாயா. பொய்க் கல்யாணத்துல இன்னும் அழகாச் சிரிப்பாங்க. நாளைக்கு அந்த அதிகாரி கேக்கப்போறது கல்யாண நாளைப் பத்தி இல்ல. அதுக்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமைகளைப் பத்தி. ஒண்ணுமே நடக்காத வெறும் செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு நீயும் உன் புருஷனும் ஒரே வீட்ல இருந்தீங்கன்னு யார் சாட்சி?”

லிகாயா படங்களைப் பைக்குள் வைத்தாள். முப்பத்திரண்டு வயது. டீ-ஷர்ட்டுக்கு மேல் ஊதா நிறச் சீருடைச் சட்டை. சட்டைப் பையில் முதியோர் இல்லத்தின் பெயர் தைத்திருந்தது. இரண்டு மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

பிலிப்பினோக்கள் அதிகம் குடியேறிய டேலி சிட்டியில் அன்றைக்கும் பனிமூட்டம். ரெமியின் அலுவலகம் ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டில் இருந்தது. வாடகை குறைவு, வருகிற கட்சிக்காரர்கள் எல்லாரும் பசியோடு வருவார்கள் என்பது ஒன்றுதான் சங்கடம். இருபத்தெட்டு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள் ரெமி. ஓய்வு பெற்றதும் துப்பறியும் உரிமம் வாங்கிவிட்டாள். முகவரி தெரியாத ஆள், ஆள் தெரியாத கடிதம் இரண்டுக்கும் ஊரில் உள்ள வக்கீல்கள் அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அவளுடைய உதவியாளன் டிங், ஜன்னலோரம் நின்று மூன்றாவது ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். வயது நாற்பத்தைந்து. கரோக்கி மெஷின் ரிப்பேர் பார்த்தவன். ஊரில் எல்லாரும் நன்றாகப் பாடத் தொடங்கியதால் மெஷினை யாரும் உடைப்பதில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்திருந்தான்.

“எனக்கு ஒண்ணு புரியலை பாஸ்” என்றான். “எனக்கும்தான் டைவர்ஸ் ஆச்சு. போன வருஷம் கிரீன் கார்டைப் புதுப்பிச்சேன். பொண்டாட்டி எங்கேன்னு ஒரு ஈ காக்கா கேக்கலை. கேட்டா அழலாம்னு கர்ச்சீப்கூட எடுத்துட்டுப் போனேன்.”

“உன்னோடது பத்து வருஷ கார்டு. அதைப் புதுப்பிக்கக் கல்யாணம் உயிரோட இருக்கணும்னு அவசியம் இல்ல. இவளோடது ரெண்டு வருஷ கார்டு. புதுசாக் கல்யாணம் பண்ணிட்டு வர்றவங்களுக்கு, பார்க்கலாம்னு குடுக்கறது. அது முடியறப்போ புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும்.”

“புருஷன் கம்பி நீட்டிட்டா?”

“டைவர்ஸ் பேப்பரை வெச்சு அவ தனியாவே குடுக்கலாம். குடுத்துட்டா. ஆனா கல்யாணம் நிஜம்னு அவதான் நிரூபிக்கணும்.”

“நிரூபிக்க முடியலைன்னா?”

“நாடு கடத்தற கோர்ட்டு” என்றாள் லிகாயா. அவள் வந்ததிலிருந்து உரக்கப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

நாளை காலை எட்டரைக்கு நேர்காணல். அதுவே பயம்தான். ஆனால் திங்கட்கிழமை அவளுடைய வக்கீலம்மாவுக்கு வந்த தபால்தான் அவளை இங்கே ஓடி வரவைத்தது. குடியேற்ற அலுவலகத்துக்கு மே ஒன்பதாம் தேதியிட்டு ஒரு கடிதம் போயிருந்தது. அதன் நகல்.

ரெமி மறுபடி வாசித்தாள். ‘நான், அர்னெல் தமயோ, சொல்வது யாதெனில்: லிகாயாவுடன் என் திருமணம் வெறும் காகிதத்துக்காக. ஒருநாள்கூட அவள் என் வீட்டில் மனைவியாக வாழ்ந்ததில்லை.’ கீழே வால் நீண்ட கையெழுத்து.

“கையெழுத்து அவனோடதுதானா?”

“அவனோடது மாதிரிதான் இருக்கு அக்கா.”

ரெமி தொலைபேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். மூன்றாவது மணியில் அர்னெல் எடுத்தான். பஸ் பணிமனையின் இரைச்சல் கேட்டது.

“கடிதாசியா? நான் எந்தக் கடிதாசியும் எழுதலை. என்னை விடுங்க.” தொடர்பு அறுந்தது.

“எழுதலைன்னு சொல்றவன்தான் முதல்ல எழுதியிருப்பான்” என்றான் டிங்.

ரெமி லிகாயாவையே பார்த்தாள். “அவன் பொய் சொன்னா எப்படிப் பேசுவான்?”

“நிறையப் பேசுவான்” என்றாள் லிகாயா. “என்னை விட்டுட்டுப் போய்ச் சேர்ந்தானே, வல்லேஹோ ஊர்ப் பொண்ணு, அவளைப் பத்திப் பொய் சொன்னப்போ முக்கால் மணி நேரம் பேசினான்.”

“இப்போ ஆறு விநாடி” என்றாள் ரெமி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

“சேர்ந்து வாழ்ந்ததுக்குப் பேப்பர் ஒண்ணுமே இல்லையா? கரண்ட் பில், பேங்க்?”

“எல்லாம் ஒரு ஃபைல்ல இருந்துச்சு. நினாங் வீட்டு கராஜ்ல பத்திரமா வெச்சிருந்தேன். பிப்ரவரில வாட்டர் ஹீட்டர் வெடிச்சு, தரையெல்லாம் கணுக்கால் தண்ணி. ஃபைல் கூழாப்போச்சுன்னு நினாங்தான் அழுதுட்டே குப்பைல போட்டாங்க. மறுபடி கேட்டு வாங்க ஒரு மாசம் ஆகுமாம்.”

நினாங் என்றால் திருமணத்தில் சாட்சி நின்று, தாய்க்குத் தாயாக இருப்பதாகத் தேவாலயத்தில் வாக்குக் கொடுக்கும் ஞானத்தாய். லிகாயாவின் நினாங், பெர்லிட்டா. ஆறு முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் சிறு இல்லம் நடத்துகிறவள். அர்னெல் போன அன்றே லிகாயாவை அழைத்துப்போய் அறை கொடுத்தவள். ஒன்றரை வருடமாக அங்கேயே தங்கி, அங்கேயே வேலை.

“அவங்க மட்டும் இல்லைன்னா நான் செத்தே போயிருப்பேன்” என்றாள் லிகாயா. “டைவர்ஸ் ஆனவளுக்கு கார்டு நிலைக்காது, சத்தம் காட்டாம என் நிழல்ல இருன்னு சொன்னாங்க. எட்டு மாசம் அப்படியே இருந்தேன். சர்ச்சுல ஒரு சிநேகிதிதான் அது தப்புன்னு சொல்லி வக்கீல்கிட்ட இழுத்துட்டுப் போனா. நினாங்குக்கு என்ன தெரியும் பாவம், அவங்க சட்டம் படிச்சவங்களா?”

ரெமி பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

“உங்க வீட்ல பெட்டி எங்கே நின்னுச்சு?”

“எந்தப் பெட்டி?”

“என்ன கேள்வி இது? நம்ம ஜனங்க வீட்ல பெட்டி இல்லாம இருக்குமா?”

டிங்கின் வாய் மெல்வதை நிறுத்தியது. இடுப்பளவு உயரமான அட்டைப் பெட்டி. சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் மாதக்கணக்கில் நிற்கும். கடைக்குப் போய் வரும்போதெல்லாம் ஊருக்கென்று சோப்போ இறைச்சி டப்பாவோ அதில் விழும். நிரம்பியதும் கப்பலேறி மணிலா போகும். அது இல்லாத பிலிப்பினோ வீடு, சமையலறை இல்லாத வீடு.

லிகாயா எழுந்தே விட்டாள். “இருந்துச்சு அக்கா! முக்கால் பெட்டி நிரம்பியிருந்துச்சு. அர்னெல்தான் எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டுவான், எனக்கு எழுத்துக் கோணல்னு. அவன் போனப்புறம் அதைப் பார்க்கவே பிடிக்கலை. அதுவும் கராஜ்லதான் நிக்குது.”

“வெள்ளத்துல நனையலையா?”

லிகாயா யோசித்தாள். “பெட்டி தப்பிச்சுதுன்னு நினாங் சொன்னாங்க.”

“டிங், காரை எடு. செவ்வாய்க்கிழமைங்க எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள தூங்குது.”

* * *

பெர்லிட்டா வாசலிலேயே ரெமியைக் கட்டிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது, மல்லிகை சென்ட், கழுத்தில் மாதா பதக்கம்.

“வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா? நூடுல்ஸ் இருக்கு. மகளே லிகாயா, மூணாம் ரூம் தாத்தா உன்னையே கேட்டுட்டிருக்கார், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடு.”

லிகாயா உள்ளே ஓடினாள். டிங் நூடுல்ஸ் பக்கம் நகர்ந்தான்.

“பெட்டியா?” பெர்லிட்டா சிரித்தாள். “அதை நான் எப்பவோ அனுப்பிட்டேன். இவளுக்குச் சொல்லலை. அவ அம்மாவுக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும், ஊர்ல இருந்து ஃபோன் வரட்டும்னு இருந்தேன். அந்தப் பாவி தொட்ட சாமானைப் பார்த்துப் பார்த்து இவ ஏன் அழணும்?”

“எந்த கார்கோ?”

“யாரோ ஒருத்தன் வேன்ல வந்து எடுத்துட்டுப் போனான். பேர் ஞாபகம் இல்லையே.”

“கராஜைப் பார்க்கலாமா?”

“தாராளமா.”

கராஜில் டையப்பர் கட்டுகள், மடக்கிய சக்கர நாற்காலி, மூலையில் வாட்டர் ஹீட்டர். தரையில் தூசி படியாத ஒரு சதுரம், பெட்டி நின்ற இடம். ரெமி ஹீட்டரின் அருகே போய் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்ன குளிர் இந்த ஊர்ல. ஆறு பெரியவங்க குளிக்க இந்தச் சின்ன ஹீட்டர் போதுமா பெர்லிட்டா? எங்க வீட்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை மக்கர் பண்ணுது.”

“எங்களோடது தங்கம்” என்றாள் பெர்லிட்டா, அதன் தலையைத் தட்டி. “வீடு வாங்கினப்போ வந்தது. பதினஞ்சு வருஷம். ஒருநாள்கூடத் தகராறு பண்ணதில்லை.”

“குடுத்து வெச்சவங்க” என்றாள் ரெமி.

காருக்குத் திரும்பும்போது டிங் ஏப்பம் விட்டான். “நல்ல மனுஷி பாஸ். ரெண்டாவது தட்டு கேக்காமலே வெச்சாங்க. ஒரே ஒரு குறை. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு கார்கோ கம்பெனி காந்தம் ஒட்டியிருக்கு. கப்பல் படம், ஃபோன் நம்பர், எல்லாம் இருக்கு. தினம் அதைத் திறந்து பால் எடுக்கறாங்க, பேர் மட்டும் ஞாபகம் இல்லையாம்.”

“நம்பரைப் பார்த்தியா?”

“பார்க்கறதா? காந்தத்தையே எடுத்துட்டு வந்துட்டேன்” என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

பின்சீட்டில் ஏறிய லிகாயாவுக்கு அது பிடிக்கவில்லை. “அவங்க வயசுக்கு மறதி வராதா அண்ணே? ஏன் திருடுறீங்க?”

ரெமி அந்த எண்ணை அழுத்தினாள். மூன்று கேள்விகள் கேட்டாள். முகம் மாறியது.

“மே பத்தாம் தேதி எடுத்திருக்காங்க. மூணு வாரமா கிடங்குல கிடக்கு. கன்டெய்னர் நிரம்பினாதானே கிளம்பும். இன்னிக்கு நிரம்பிடுச்சு. நாலு மணிக்குக் கதவைச் சாத்தி ஓக்லாந்து துறைமுகத்துக்கு அனுப்பறாங்க.”

மணி மூன்று பத்து.

“சீட் பெல்ட் போடுங்க” என்றான் டிங். “என் டைவர்ஸுக்கு என் டிரைவிங்கும் ஒரு காரணம்.”

* * *

கிடங்கின் பொறுப்பாளர் ருஃபோ, எழுபதைத் தொட்ட ஒல்லி மனிதர். கையில் சீட்டு அட்டை, காதில் பென்சில். கன்டெய்னரின் வாயில் சுவர்போல் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“முடியாது” என்றார். “பெட்டி போட்டவங்க வந்து கேட்டாதான் இறக்குவேன். எவனாவது வந்து என் பெட்டின்னு சொன்னா குடுத்துட முடியுமா? முப்பது வருஷத்துல ஒரு சோப்புக்கட்டி காணாமப் போனதில்லை எங்கிட்ட.”

“யார் போட்டாங்கன்னு சீட்டுல இருக்குமில்ல, அண்ணே?” என்றாள் ரெமி பணிவாக.

ருஃபோ புரட்டினார். “அனுப்புநர் லிகாயா தமயோ.”

டிங் திகைத்தான். “பெர்லிட்டா பேர் இல்லையா?”

“பெட்டி மேல என்ன பேரோ அதைத்தான் சீட்டுல எழுதுவோம். இந்தப் பெட்டில ஆறு பக்கமும் லிகாயா தமயோ, அர்னெல் தமயோன்னு குண்டு குண்டா எழுதியிருந்துச்சு. அதை மாத்தணும்னா அட்டையையே மாத்தணும். அந்த அம்மா மாத்தலை.”

லிகாயா முன்னால் வந்து தன் கார்டை நீட்டினாள். ருஃபோ கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“இது செத்துப்போன கார்டாச்சேம்மா. போன வருஷமே காலாவதி.”

அவள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டிய காகிதம். “மனு கிடப்புல இருக்கற வரைக்கும் கார்டு செல்லும்னு அவங்களே குடுத்த கடிதாசி.”

ருஃபோ முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். கடிகாரத்தில் மூன்றரை. படித்து முடித்து, காகிதத்தை அதே மடிப்புகளில் மடித்துக் கொடுத்தார்.

“என் மருமகளும் இப்படி ஒண்ணை வெச்சுட்டு ரெண்டு வருஷம் அலைஞ்சா” என்றார். “பெட்டி உள்ளே நாலாவது வரிசை. முன்னால இருக்கற பதினோரு பெட்டியை இறக்கி மறுபடி ஏத்தணும். ஆளில்லை.”

எல்லாரும் டிங்கைப் பார்த்தார்கள்.

“எனக்கு முதுகு வலி” என்றான் டிங்.

“ரெண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டே” என்றாள் ரெமி.

பன்னிரண்டாவதாக அந்தப் பெட்டி இறங்கியபோது டிங்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ருஃபோ கத்தியால் டேப்பைக் கிழித்தார். லிகாயா மண்டியிட்டாள்.

மேலே துண்டுகள். அதன் அடியில் சோப்பு, விட்டமின் புட்டிகள், காப்பித்தூள். ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி, கறுப்பு மையில் ஒரு பெயர். ‘அம்மாவுக்கு - முழங்கால் தைலம்.’ ‘மாமாவுக்கு - சர்க்கரை இல்லாத காப்பி, கொஞ்சமாகக் குடிக்கவும்.’ ‘குட்டிக்கு - அடம்பிடித்தால் தரவேண்டாம்.’

“அர்னெல் எழுத்து” என்றாள் லிகாயா. “எல்லாமே.”

பக்கவாட்டில் சுருட்டிய தாள் ஒன்று. விரித்தாள். ஊரிலிருந்து வந்தது; காகிதத்தின்மேல் கால் வைத்துப் பேனாவால் வரைந்த பாதங்கள். அப்பா, அக்கா மகள், கடைக்குட்டி. ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் அர்னெலின் கையெழுத்தில் அளவு, நிறம், வாங்கிய தேதி.

ரெமி தேதிகளைப் பார்த்தாள். கைபேசிக் காலண்டரைத் திறந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கடைக்குட்டி ஷூ வாங்கினது செவ்வாய்க்கிழமை, லிகாயா.”

“ஜெயிச்சாச்சு!” டிங் கைதட்டினான். “பொய்க் கல்யாணம் பண்ணவன் மச்சினி மகளோட கால் சைஸைத் தேடி அலைவானா? நான் நிஜக் கல்யாணம் பண்ணியே அலைஞ்சதில்லை.”

லிகாயா தாளை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். ரெமி அதில் கலந்துகொள்ளவில்லை. பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஃபைல் எங்கே இருந்துச்சு லிகாயா?”

“தரையில. இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல, ஒட்டி.”

“தண்ணி கணுக்கால் வரைக்கும்.”

“ஆமா, நினாங்...” அவள் நிறுத்தினாள்.

பெட்டியின் அடி காய்ந்த பழுப்பு. ஒரு கறை இல்லை, ஓர் உப்பல் இல்லை. ஆறு பக்கத்திலும் அர்னெலின் மை ஒரு துளி கலையாமல் நின்றது.

“அந்த ஹீட்டர் பதினஞ்சு வருஷமாத் தகராறே பண்ணதில்லையாம்” என்றாள் ரெமி. “அவங்களே தட்டிக் குடுத்துச் சொன்னாங்க. நீ அப்போ மூணாம் ரூம்ல இருந்தே. வெள்ளத்தை நீ பார்த்தியா?”

“நான்... ராத்திரி டூட்டி. காலைல நினாங் எல்லாம் துடைச்சு முடிச்சிருந்தாங்க.” லிகாயாவின் குரல் தேய்ந்தது. “இல்ல அக்கா. நீங்க தப்பா நினைக்கறீங்க. அப்படின்னா ஏன் பெட்டியை அழிக்கலை? ஏன் அம்மாவுக்கே அனுப்பினாங்க?”

“நீ சொல்லு. அம்மாவுக்குன்னு எழுதின சாப்பாட்டுப் பெட்டியைக் குப்பைல போட உனக்குக் கை வருமா?”

லிகாயா தலையசைத்தாள்.

“அவங்களுக்கும் வரலை. அது பாவம். அதனால எந்த அதிகாரியும் பார்க்க முடியாத இடத்துக்கு, கடல் தாண்டி அனுப்பிட்டாங்க. காகிதத்தைக் கொல்ல முடிஞ்சுது, பெட்டியைக் கொல்ல முடியலை. இன்னொண்ணு. உன் பெட்டி முக்கால்தானே நிரம்பியிருந்துச்சு?”

“ஆமா.”

“இப்போ பிதுங்குது. முக்கால் பெட்டி அனுப்ப நம்ம ஜனங்களால முடியாது. ஒரு விரல் இடம் காலியா விட்டாலும் தூக்கம் வராது.” ரெமி ஒரு சிறிய சிவப்பு ஷூவை எடுத்தாள். கடைக்குட்டியுடையது. “ஷூவுக்குள்ள காகிதம் திணிச்சது நீயா, அர்னெலா?”

“நாங்க திணிக்கலை. கடைசியாச் செய்யலாம்னு வெச்சிருந்தோம்.”

ரெமி விரலைவிட்டு உருவினாள். கசங்கிய தாள் ஒன்று வந்தது. இன்னொரு ஷூவிலிருந்து இன்னொன்று. இரண்டையும் முழங்காலில் வைத்து நீவினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லிகாயாவிடம் நீட்டினாள்.

மேல்பக்கம் லிகாயாவுக்குத் தெரிந்த தாள்தான். தினமும் காலையில் அவளே நிரப்புகிற மாத்திரைப் பட்டியல். மே எட்டாம் தேதி. மூணாம் ரூம் தாத்தாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை, எட்டு மணி, அவளுடைய கோணல் எழுத்து.

திருப்பினாள்.

அர்னெல் தமயோ. அர்னெல் தமயோ. அர்னெல் தமயோ. மேலிருந்து கீழே இருபது தடவை. முதல் ஐந்து தடுமாறியிருந்தன. பத்துக்குமேல் வால் சரியாக நீண்டது. கடைசி மூன்று, கடிதத்தில் இருந்ததேதான்.

“பார்த்து எழுத அசல் வேணும்” என்றாள் ரெமி. “அசல் உன் ஃபைல்ல இருந்துச்சு. அதுல ஒரு தாளை மட்டும் குப்பைல போடாம எடுத்து வெச்சிருக்காங்க. அதுல ஒரு தாளை மட்டும் குப்பைல போடாம எடுத்து வெச்சிருக்காங்க. ஒன்பதாம் தேதி கடிதாசி. பத்தாம் தேதி பெட்டி. மேஜைல கிடந்த கழிவுக் காகிதத்தை யோசிக்காம ஷூவுக்குள்ள தள்ளியிருக்காங்க. கை செய்யற வேலை அது, மூளைக்கே தெரியாது.”

கிடங்கில் எங்கோ ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டது. ருஃபோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார்.

“ஏன்?” என்றாள் லிகாயா. “எனக்கு எதுவும் இல்லையே. என்கிட்ட எதை எடுக்க?”

“கார்டு கிடைச்சா நீ என்ன பண்றதா இருந்தே?”

“ஆஸ்பத்திரில வேலை. அந்தச் சிநேகிதி சொல்லி வெச்சிருக்கா. நினாங்கிட்டகூட...” அவள் கண்கள் மெல்ல மூடின. “நினாங்கிட்டதான் முதல்ல சொன்னேன். ஜனவரில. கட்டிப்பிடிச்சு அழுதாங்க.”

“ஆறு பேரை ராத்திரி பகலாப் பார்த்துக்கற ஆள் நீ. லீவு கேக்க மாட்டே, எதிர்த்துப் பேச மாட்டே, வேற எங்கேயும் போகவும் முடியாது. அந்த மாதிரி வேலைக்காரி விளம்பரம் குடுத்தாக் கிடைக்கமாட்டா. கார்டு உனக்குக் கதவு. அவங்களுக்கு நஷ்டம்.”

லிகாயா அழவில்லை. அழுதிருந்தால் டிங்குக்குத் தாங்கியிருக்கும்.

“அர்னெல் போனப்போ மூணு நாள் அழுதேன்” என்றாள், அந்தத் தாளைப் பார்த்தபடி. “யார் மடியில படுத்து அழுதேன் தெரியுமா அண்ணே? தலையைக் கோதிக் கோதி விட்டாங்க. ஆம்பளைங்களை நம்பாதே மகளே, நான் இருக்கேன்னாங்க.”

டிங் தன் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினான். “டைவர்ஸுக்குன்னு வாங்கினது. யாரும் பயன்படுத்தலை” என்றான் தாழ்ந்த குரலில். அவள் வாங்கிக்கொண்டாள்.

ரெமி மறுபடி அர்னெலை அழைத்தாள். “வெச்சுடாதே. உன் கையெழுத்தை இன்னொருத்தர் இருபது தடவை எழுதிப் பழகியிருக்காங்க. தாள் என் கையில இருக்கு. யார்னு நாளைக்குத் தெரிஞ்சுக்கோ.”

அர்னெல் தொடர்பை அறுக்கவில்லை. பணிமனை இரைச்சல் மட்டும்.

“நான் அவளை விட்டுட்டு வந்தவன்தான்” என்றான் அர்னெல் கடைசியில். “அதுக்காக அவ என் பொண்டாட்டியா இருக்கலைன்னு சொல்வேனா? அவ அப்பாவுக்கு ஷூ வாங்க மூணு கடை ஏறினவன் நான். எத்தனை மணிக்கு வரணும்?”

“எட்டரை” என்றாள் ரெமி. “சுருக்கமாப் பேசு.”

அவள் வைப்பதற்குள் லிகாயாவின் கைபேசி அடித்தது. திரையில் ‘நினாங்’, பக்கத்தில் இதயப் படம். லிகாயா ரெமியைப் பார்த்தாள். ரெமி தலையசைத்தாள். ஸ்பீக்கர்.

“எங்கேம்மா இருக்கே? மணி நாலாகப் போகுது, மாத்திரை யார் குடுக்கறது? தாத்தா உன் கையால குடுத்தாதான் முழுங்குவார். அப்புறம், நாளைக்கு நீ தனியாப் போகாதே மகளே. நானும் வர்றேன். உனக்கு அம்மா ஸ்தானத்துல நான்தானே இருக்கேன். நான் சாட்சி சொல்றேன்.”

லிகாயா முழங்காலில் இருந்த மாத்திரைப் பட்டியலை ஒருமுறை திருப்பினாள். இன்னொருமுறை திருப்பினாள்.

“கண்டிப்பா வாங்க நினாங்” என்றாள். “எட்டரைக்கு. நல்ல கவுனா போட்டுட்டு வாங்க. நிறையப் பேர் வர்றாங்க. மாத்திரையை இன்னிக்கு நீங்களே குடுத்துடுங்க. பட்டியல் மேஜைமேல இருக்கு. எழுதறப்போ தாளோட பின்பக்கத்தையும் பார்த்துக்குங்க.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பெர்லிட்டா வைத்துவிட்டாள்.

“உஷார் ஆயிடுவாங்களே பாஸ்!” என்றான் டிங்.

“ஆகட்டும். ஃபைலை அழிச்சாச்சு, கடிதாசி போயாச்சு. மிச்சம் இருந்தது இந்தப் பெட்டி. அது நம்ம காலடில இருக்கு.” ரெமி மூன்று ஜோடி ஷூக்களையும், பாதம் வரைந்த தாளையும், பெயர் ஒட்டிய ஏழெட்டுப் பொருட்களையும் தனியே எடுத்தாள். ஒவ்வொன்றையும் டிங் படம் எடுத்தான். பெட்டி எந்தத் தேதியில் வந்தது, யார் முன்னிலையில் திறந்தது என்று ருஃபோ சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“மிச்சத்தை என்ன பண்றது?” என்றார். “பத்து நிமிஷம்தான் இருக்கு.”

“போகட்டும் அண்ணே” என்றாள் லிகாயா. “அம்மாவுக்குத் தைலம் தீர்ந்துபோயிருக்கும்.”

அவளே சாமான்களை மறுபடி அடுக்கினாள். ருஃபோ எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஷூ எடுத்த இடம் குழியா இருக்கேம்மா. இப்படியே மூடினா மேல ஏத்தற பெட்டி அமுக்கி எல்லாம் நசுங்கிடும்.”

லிகாயா குழியைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, ஊதாச் சீருடையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை நான்காக மடித்தாள். தைத்த பெயர் உள்பக்கம் போகும்படி இன்னொரு மடிப்பு. குழிக்குள் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“தரை துடைக்கத் துணி இல்லைன்னு அம்மா போன வாரம்தான் சொன்னாங்க” என்றாள். “டேப் குடுங்க அண்ணே.”